மணமேல்குடி – தொண்டி இடையே வேக சார்ஜர்: இன்னும் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? அதுவரை எந்த வழியில் போவது?

மண்ணடி_தொண்டியான்:

அனைவருக்கும் வணக்கம். மண்ணடியில் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் தொண்டி. எங்கள் பகுதியிலிருந்து தொண்டிக்கும் கீழக்கரைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இரவில் பேருந்துகள் புறப்படுவது வடசென்னையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். வயதான தாயாரை நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கவும், உடம்புக்கு முடியாத நாளில் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ மருத்துவரிடம் காட்டவும் வசதியாக இருக்கட்டும் என்று மின்சாரக் கார் வாங்கினேன். பேட்டரியின் கொள்ளளவு 40 யூனிட். ஏசி போட்டுக்கொண்டு நிதானமாக ஓட்டினால் 220 கிலோமீட்டர் வரை நம்பிப் போகலாம்.

சென்னையிலிருந்து புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம் வரை எனக்குக் கவலை இல்லை. நாகூர் தர்காவில் ஜியாரத்தை முடித்துக்கொண்டு அதிராம்பட்டினத்தில் மனைவியின் வீட்டில் தங்கிவிட்டுத் தொண்டிக்குப் போவதுதான் எங்கள் குடும்பத்தின் வழக்கமான பாதை. இடர்ப்பாடு அதற்குத் தெற்கேதான் தொடங்குகிறது. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று ஊர்கள் வரிசையாக இருந்தாலும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உப்பளமும் இறால் பண்ணையும் கருவேலங்காடும்தான் கிடக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை இந்தச் சாலை 200 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அவ்வளவு தூரத்தில், ஓடுகிறது என்று உறுதியாக நம்பி நிறுத்தக்கூடிய ஒரு வேக சார்ஜரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மீமிசலுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் சார்ஜர் வந்து இறங்கி வெகுகாலமாகிறது. எந்த நிறுவனத்தின் பங்க் என்று இங்கே எழுத விரும்பவில்லை. சிமெண்ட் மேடை கட்டி அதன் மேல் எந்திரத்தை நிறுத்தி, நீலத் தார்ப்பாயைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். அருகில் போய்ப் பார்த்தால், மேடையோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளிலும் உப்புக்காற்றின் துரு ஏறி, மரைகள் நிறம் மாறியிருக்கின்றன. கேபிள் வர வேண்டிய பிளாஸ்டிக் குழாய் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நீட்டிக்கொண்டு, வாய் மூடப்படாமல் நிற்கிறது. வாகனம் நிறுத்தப் பச்சை வண்ணம் பூசிய இடத்தில் ஆயில் பீப்பாய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பங்கில் இருப்பவர்களைக் கேட்டால், "மின் இணைப்பு வந்தால் ஓடும்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

நான் கேட்பது இரண்டு. எந்திரம் வந்து நின்ற பிறகும் இவ்வளவு காலம் பிடிப்பதற்கு உண்மையான காரணம் என்ன? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், யாரிடம் என்ன கேட்டு மனு கொடுப்பது என்று எங்கள் ஜமாஅத்திலும் வணிகர் சங்கத்திலும் பேசி முடிவு செய்வேன். அடுத்தது, அந்த வசதி வரும் வரை தொண்டிக்குக் கவலையின்றிப் போய்வர எந்த வழி சிறந்தது?

வியாசர்பாடி_டிராவல்ஸ்:

பாய், உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். வாடகைக்கு மின்சாரக் கார் ஓட்டுபவன் என்ற முறையில் இது எனக்கு அன்றாடப் பிரச்சினை.

தாயாரைப் பார்ப்பதற்கு மட்டும் போகும்போது கடற்கரைச் சாலையை விட்டுவிடுங்கள். தாம்பரம், விழுப்புரம் வழியாகத் திருச்சி வரை நான்குவழிச் சாலையில் வேக சார்ஜர்களுக்குப் பஞ்சமில்லை, ஒன்று பழுதென்றாலும் அடுத்ததற்குப் போய்விடலாம். திருச்சியில் சாப்பிடும் நேரத்தில் பேட்டரியை 90 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். 80 விழுக்காட்டுக்குப் பிறகு மின்னேற்றம் மெதுவாகும் என்பது உண்மைதான், ஆனால் அன்றைக்கு அந்தக் கூடுதல் நேரத்தைக் கணக்குப் பார்க்கக் கூடாது. அங்கிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான் இருக்கும். உங்கள் 40 யூனிட் வண்டி கையிருப்போடு வீடு போய்ச் சேரும். திரும்பும்போது தொண்டியில் வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு, அதே திருச்சிக்கு வந்துவிடலாம்.

இந்த ஏற்பாடு முழுவதும் உங்கள் வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கை நம்பியிருக்கிறது. அதில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். இரவு முழுவதும் போட்டுவிட்டால் 30 யூனிட்டுக்குக் குறையாது. ஆனால் எர்த் சரியாக இல்லாத வீட்டில் வண்டியோடு கொடுக்கும் கையடக்க சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும், ஒரு யூனிட்டும் ஏறாது. கடற்கரை மணலில் கோடைக்காலத்தில் ஈரம் இறங்கிவிடுவதால் எர்த் குழி வேலை செய்யாமல் போவது சாதாரணம். ஊருக்குப் புறப்படும் முன்பே எலெக்ட்ரீசியனை அழைத்து, குழியில் கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி எதையும் நடுவில் சேர்க்க வேண்டாம். மணிக்கணக்கில் 15 ஆம்பியர் ஓடும்போது மலிவான பெட்டியின் முனைகள் உருகிவிடும்.

மின்வழி_மீஞ்சூர்:

தம்பி, மின் விநியோகப் பணியில் இருந்து ஓய்வு பெற்று மீஞ்சூரில் வசிக்கிறேன். நீங்கள் விவரித்த அந்தத் தார்ப்பாய் மூடிய எந்திரத்தைப் போன்றவை பல மாவட்டங்களில் நிற்கின்றன. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், மனு எழுதும்போது உங்களுக்குப் பயன்படும்.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். மின்சார வாகனங்களை ஊக்குவிக்கும் மத்திய அரசின் ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில், 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும் சேர்த்து 7,432 வேக சார்ஜிங் நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒப்புதல் அளிக்கப்பட்டது. பங்குகளில் சார்ஜர்கள் வந்து நின்றதற்கு இதுவே பெரிய காரணம். அதற்கு அடுத்து 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொதுச் சார்ஜிங்குக்கென்று 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி, நான்கு சக்கர வாகனங்களுக்கு மட்டும் 22,100 வேக சார்ஜர்கள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல்கள் நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்கின்றன. 2022 வழிகாட்டுதலில் இது 25 கிலோமீட்டராக இருந்தது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அன்று, ஏற்கெனவே எழுத்தில் உள்ள அளவுகோல்தான்.

எந்திரத்தை ஒரு லாரியில் கொண்டுவந்து ஒரே நாளில் இறக்கிவிடலாம். அதற்கு வேண்டிய மின்சாரத்தை அப்படிக் கொண்டுவர முடியாது. உங்கள் பங்கில் நிற்பது பெரும்பாலும் 60 கிலோவாட் எந்திரமாக இருக்கும். அது முழு வேகத்தில் ஓடினால், உள்ளே ஏற்படும் இழப்பையும் சேர்த்து, மின்மாற்றியிலிருந்து 65 கே.வி.ஏ.வுக்கு (மின்மாற்றியின் திறனை அளக்கும் அலகு) மேல் இழுக்கும். கிராமத்து டிரான்ஸ்பார்மர்களின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், 63 அல்லது 100 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஊருக்கு ஒரு விளக்குகூடப் போடாவிட்டாலும், 63 கே.வி.ஏ. மின்மாற்றியால் இந்த ஒரு சார்ஜரை முழு வேகத்தில் ஓட்ட முடியாது. 100 கே.வி.ஏ. மின்மாற்றியாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கை இது எடுத்துக்கொள்ளும். ஆகவே பங்குக்கென்று தனி மின்மாற்றி வைத்து, அதற்கு 11 கே.வி. உயரழுத்தக் கம்பியை இழுத்து வர வேண்டும். அதற்கான மதிப்பீட்டுத் தொகையை விண்ணப்பதாரர் கட்ட வேண்டும். பணம் கட்டிய பிறகு மின்மாற்றி, கம்பம், கம்பி எல்லாம் கிடைத்து, சாலையோரத்தில் கம்பம் நட நெடுஞ்சாலைத் துறையின் இசைவும் பெற்று வேலை தொடங்க வேண்டும். எண்ணெய் நிறுவனமா, எந்திரத்தை வைத்த ஒப்பந்ததாரரா, பங்க் உரிமையாளரா, யார் அந்தத் தொகையைக் கட்டுவது என்பது தெளிவாகாத இடங்களில் கோப்பு அப்படியே நின்றுவிடுகிறது.

உங்கள் பகுதியில் வேறொரு சிக்கலும் உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் ஐஸ் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மீமிசல் பக்கம் இறால் குட்டைகளில் நீரில் காற்றைக் கலக்கும் மின்சக்கரங்கள் இரவு முழுவதும் சுழல்கின்றன. இவை எல்லாம் துணை மின்நிலையத்திலிருந்து வரும் ஒரே 11 கே.வி. மின்வழியில் (ஃபீடரில்) தொங்கும்போது கடைசி முனையில் வோல்டேஜ் இறங்கிவிடும். மும்முனையில் 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அளவு மிகவும் இறங்கினால், வேக சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். வாகனத்தில் வந்தவர் சார்ஜர் பழுது என்று எழுதிவிட்டுப் போவார். எந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது. ஆகவே சார்ஜர் வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பங்கைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. ஐந்து கிலோமீட்டர் முன்னே பின்னே போனாலும் ஓட்டுபவருக்குப் பெரிய வேறுபாடு இல்லை, மின்வழிக்கு அது பெரிய வேறுபாடு.

கஜா புயலையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய அந்தப் புயலில் நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மாநிலத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஊழியர்கள் போய்ச் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள், இங்கிருந்து போனவர்களை நான் நேரில் அறிவேன். அந்தக் கரையில் புதிதாக எதை நட்டாலும் காற்றையும் உப்பையும் மனத்தில் வைத்துத்தான் நட வேண்டும். நீங்கள் போல்ட்டில் கண்ட துரு எந்திரத்தின் உள்ளே சுற்றுப் பலகைகளிலும் ஏறிக்கொண்டிருக்கலாம். இணைப்பு வந்த பிறகு அதை அப்படியே ஓட்டாமல் திறந்து பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு இப்போதே எழுதிவிடுங்கள்.

காசிமேடு_கரையோரம்:

ஐயா சொன்னதோடு பங்க் உரிமையாளரின் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன். ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் உறவினர்கள் இருப்பதால் அந்தச் சாலையில் போக்குவரத்து எப்படி என்று எனக்குத் தெரியும்.

அங்கே வண்டிகள் சீராக வருவதில்லை. நாகூர் கந்தூரி, ஏர்வாடி சந்தனக்கூடு, இராமேசுவரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை, பெருநாள் விடுமுறை ஆகிய நாட்களில் சாலை கொள்ளாது. மற்ற நாட்களில் மீன் லாரியும் அரசுப் பேருந்தும் ஊர்க்காரர்களின் இருசக்கர வாகனங்களும்தான். மின்சாரக் கார் எப்போதாவது ஒன்று வரும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், வாங்கிய மின்சுமைக்கு மாதந்தோறும் நிலைக் கட்டணம் கட்டியாக வேண்டும். காலியாக நிற்கும் மாதங்களில் அந்தச் சுமையை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பங்க் உரிமையாளரிடம் விடை இல்லை. அவர் மீது வருத்தப்படுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இந்த எந்திரங்கள் செயலி வழியாகத்தான் தொடங்குகின்றன. எந்திரத்துக்குள் ஒரு சிம் இருக்கிறது, அதற்கு சிக்னல் வேண்டும், நம் கைப்பேசிக்கும் சிக்னல் வேண்டும். கடலோரத்தில் சில இடங்களில் இரண்டில் ஒன்று கிடைக்காது. மின்சாரம் இருந்தும், எந்திரம் நன்றாக இருந்தும், பணம் செலுத்த வழியில்லாமல் வண்டி நிற்கும். பங்க் ஊழியர் ஒரு அட்டையைத் தட்டி எந்திரத்தைத் தொடங்கிவிட்டுப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் இந்தத் தொல்லை தீரும். டீசல் போடும் ஊழியர் இரவிலும் அங்கே இருக்கிறார் என்பதுதான் பங்கில் சார்ஜர் வைப்பதன் பெரிய நன்மை. அவருக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தால் போதும்.

எண்ணூர்_இளையவன்:

மின்வழி வராத இடங்களில் வேறு நாட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் நல்லார்பார் சமவெளியைக் கடக்கும் நெடுஞ்சாலையில் கைகுனா என்ற இடத்தில் ஒரு சாலையோர விடுதி இருக்கிறது. அங்கே மின்கட்டமைப்பே கிடையாது. 2022 தொடக்கத்தில், விடுதிச் சமையலறையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை எரித்து ஓடும் ஜெனரேட்டரை வைத்து அங்கே ஒரு வேக சார்ஜரை நிறுவினார்கள். அந்த நீண்ட சாலையில் பெரிய இடைவெளி ஒன்று அதனால் அடைபட்டது.

நமக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை, மின்கம்பி அருகிலேயே ஓடுகிறது. பேட்டரியைத் தன்னுள் கொண்ட சார்ஜர்கள் இப்போது வருகின்றன. அவை கம்பியிலிருந்து 15 அல்லது 20 கிலோவாட்டை மட்டும் நாள் முழுவதும் மெதுவாக எடுத்துச் சேர்த்து வைத்து, வண்டி வந்ததும் வேகமாகக் கொடுக்கின்றன. கிணற்று நீரைத் தொட்டியில் ஏற்றி வைத்துக்கொண்டு பிறகு வேகமாகப் பாய்ச்சுவதைப் போன்றதுதான் இது. வண்டிகள் குறைவாக வரும் சாலைக்குப் புதிய மின்மாற்றி இல்லாமலே இது பொருந்தும் அல்லவா, ஐயா?

மின்வழி_மீஞ்சூர்:

பொருந்தும், தம்பி. வண்டிகள் அரிதாக வரும் நாட்களில் மிக நன்றாகப் பொருந்தும். ஆனால் கந்தூரி நாளில் மூன்றாவது வண்டி வரும்போது உள்ளிருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும், அதன் பிறகு அது 20 கிலோவாட் எந்திரம் மட்டுமே. விலையும் சாதாரண சார்ஜரைவிடக் கணிசமாக அதிகம். கடலோர வெப்பத்தில் அந்தப் பேட்டரியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கவும் மின்சாரம் வேண்டும். ஃபீடரின் கடைசி முனையில் இருக்கிற ஓர் இடத்துக்கு இதைப் பரிந்துரைப்பேன். துணை மின்நிலையம் பக்கத்தில் இருந்தால் மின்மாற்றியே மேல்.

மண்ணடி_தொண்டியான்:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அடுத்த முறை வியாசர்பாடி அண்ணன் சொன்ன திருச்சி வழியில் போகிறேன். அதிராம்பட்டினத்துக்கு எல்லோரும் சேர்ந்து போக வேண்டிய நேரத்தில் மட்டும் நாகப்பட்டினம் வழியை வைத்துக்கொண்டு, மனைவியின் வீட்டில் இரவு மின்னேற்றம் செய்துகொள்கிறோம்.

மனுவைப் பற்றி மீஞ்சூர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். தார்ப்பாய் மூடிய அந்த எந்திரத்துக்கு இணைப்பு கொடுங்கள் என்று மட்டும் கேட்பதா, அல்லது சாலை முழுவதற்கும் சேர்த்துக் கேட்பதா? ஒரே ஒரு சார்ஜர் வந்துவிட்டால், எங்கள் தேவை தீர்ந்ததாகக் கருதி மற்றதை மறந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். தாயாரை அழைத்துக்கொண்டு இரவில் மருத்துவமனைக்குப் போகும்போது, ஒற்றை எந்திரத்தை நம்பிப் புறப்பட எனக்கு மனம் வராது.

மின்வழி_மீஞ்சூர்:

உங்கள் அச்சம் நியாயமானது, அதையே மனுவின் மையமாக வையுங்கள். ஆளரவமற்ற சாலையில் ஒற்றைச் சார்ஜரை நம்பி வந்தவர், அது ஓடவில்லை என்றால் அடுத்ததற்குப் போகும் அளவுக்குக் கையிருப்பு இல்லாமல் மாட்டிக்கொள்வார். சார்ஜரே இல்லை என்று தெரிந்திருந்தால் அவர் அந்த வழியில் வந்திருக்கவே மாட்டார். ஆகவே ஓர் இடத்தில் இரண்டு தனித்தனி எந்திரங்கள் வேண்டும் என்று கேளுங்கள். ஒரே எந்திரத்தில் இரண்டு கன் (வண்டியில் செருகும் முனை) இருப்பது இதற்கு ஈடாகாது, உள்ளே ஒரு பலகை பழுதானால் இரண்டு கன்னும் சேர்ந்தே நின்றுவிடலாம். ஒரு 60 கிலோவாட் எந்திரத்துக்குப் பதிலாக இரண்டு 30 கிலோவாட் எந்திரங்கள் வைத்தால் மொத்த மின்சுமை கூடாது. உங்கள் வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும். தொழுகையும் சாப்பாடும் முடிவதற்குள் அந்த நேரம் போய்விடும்.

இடங்களைப் பொறுத்தவரை, 20 கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவுகோலை மேற்கோள் காட்டுங்கள். அதே வேளையில் முதல் கட்டமாக மணமேல்குடி, தொண்டி, தேவிபட்டினம் ஆகிய மூன்று ஊர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சாலை முழுவதற்கும் என்று பொதுவாகக் கேட்கும் மனுவைவிட, ஊர்ப் பெயரோடு வரும் மனுவைத்தான் அலுவலர்களால் கையில் எடுக்க முடியும். தமிழ்நாட்டில் சார்ஜிங் நிலையங்களுக்கான ஒருங்கிணைப்பு முகமை தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம். மனுவை அதற்கு முகவரியிட்டு, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர்களுக்கும் மேற்பார்வைப் பொறியாளர்களுக்கும் நகல் அனுப்புங்கள். தார்ப்பாய் மூடிய எந்திரத்துக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள், அது எண்ணெய் நிறுவனத்துக்குப் போக வேண்டியது. அதில் இரண்டே கேள்விகள் போதும்: மின் இணைப்புக்கு விண்ணப்பித்த தேதி எது, மதிப்பீட்டுத் தொகை கட்டியாகிவிட்டதா. 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளில் கிராமப்புறத்தில் புதிய இணைப்புக்கு 15 நாள் என்று காலவரை உள்ளது. ஆனால் மின்வழியை நீட்டிக்க வேண்டிய இடத்துக்கு அந்தக் காலவரை அப்படியே பொருந்தாது, அதை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட வேண்டாம்.

தொண்டி வீட்டின் மின் இணைப்பு அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை ஒன்று அல்லது இரண்டு கிலோவாட் என்றே இருக்கும். கார் மட்டும் 3 கிலோவாட் எடுக்கும், ஏசியும் இருந்தால் 5 கிலோவாட்டாவது வேண்டும். பிரிவு அலுவலகத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்து, தேவைப்பட்டால் மும்முனை இணைப்பாக மாற்றிக்கொண்ட பிறகு வண்டியைப் பிளக்கில் போடுங்கள்.